ஓடிப்போனவன் எப்போது குற்றவாளி ஆனான்? லுக்குட் தோட்டங்களும் சட்டத்தின் ஆங்கிலமும்

சஞ்சிக்கூலி என்ற சொல்லைத் தோட்ட வரலாறு வாசிக்கிற எல்லாருமே கடந்து வந்திருப்போம். 'ஒப்பந்தக் கூலி' என்று பொருள் சொல்லிவிட்டு, எழுதியவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தச் 'சஞ்சி' எங்கிருந்து வந்தது? மலாயில் 'ஜாஞ்சி' என்றால் வாக்கு. கைநாட்டு வைத்த கணத்தில் ஒருவன் வாக்குக் கொடுத்தவன் ஆகிறான். சரி, கொடுத்த வாக்கை மீறினால் என்ன நடக்கும்? ஊரில் என்றால் ஏசுவார்கள். மிஞ்சிப்போனால் பஞ்சாயத்தில் தண்டம் கட்டச் சொல்வார்கள். மலாயாத் தோட்டத்தில் அவனுக்கு வாரண்ட் வந்தது, ஜெயில் கிடைத்தது.

வாக்கு மீறல் எப்படிக் குற்றமானது? இந்தக் கேள்விக்குள் இன்றைக்கு நம் காதில் அடிக்கடி விழுகிற இன்னொரு பேச்சும் ஒளிந்திருக்கிறது. 'நம்ம பசங்கதான் எல்லாக் கேஸ்லயும் இருக்கானுங்க', 'குற்றம் பெருகிப் போச்சு' என்ற பேச்சு. குற்றம் பெருகுகிறது என்று சொல்ல முதலில் குற்றத்தை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முன் எது குற்றம் என்று ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். நம் விஷயத்தில் அது ஆங்கிலத்தில் எழுதி வைக்கப்பட்டது. லுக்குட்டையும் அதைச் சுற்றியுள்ள போர்ட்டிக்சன் தோட்டங்களையும் வைத்து அந்தச் சொற்களின் பாதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஈயத்துக்குப் பிறகு வந்த ஊர்

லுக்குட் முதலில் தோட்டத்து ஊர் கிடையாது, ஈயத்து ஊர். 1834-ல் இங்கிருந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து மலாய்த் தலைவர்களைக் கொன்றார்கள். 1846-ல் சிலாங்கூர் சுல்தான் இந்தப் பகுதியை ராஜா ஜுமாஅட்டிடம் கொடுத்தார். அவர் கட்டிய கோட்டையின் மிச்சம் புக்கிட் காஜா மாத்தி குன்றின்மேல் இன்னும் இருக்கிறது. அவர் காலத்தில் லுக்குட் ஒழுங்காக நடத்தப்பட்ட ஊர் என்று பெயர் வாங்கியது. 1864-ல் அவர் இறந்த பிறகு மகன் ராஜா போட் பொறுப்பேற்றார். ஈயம் குறைந்தது, ஊரின் மவுசும் குறைந்தது. 1880-ல் லுக்குட் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்குக்குக் கைமாறியது. சுங்கை ஊஜோங்கில் 1874 முதலே பிரிட்டிஷ் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். இப்படித்தான் ஒரு மலாய் ராஜாவின் வழக்காறுகளுக்குள் இருந்த மண் ஆங்கிலச் சட்டத்தின் நிழலுக்குள் வந்தது.

1891-ல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது. ரயிலையொட்டிக் காப்பித் தோட்டங்கள் வளர்ந்தன. 1890-களில் காப்பி விலை சரிந்ததும் அதே நிலத்தில் ரப்பர் வந்தது. லின்சம், சுவா பெத்தோங், அதர்ட்டன், பிராட்வால் என்று இந்த மாவட்டத்தில் தமிழர்கள் இன்றும் சொல்கிற பெயர்கள் பலவும் அந்தத் தோட்டங்களின் பெயர்கள்தான். 1896-ல் நெகிரி செம்பிலான், பேராக், சிலாங்கூர், பகாங்கோடு சேர்ந்து கூட்டு மலாய் மாநிலம் ஆனது. ஒரே வகையான சட்டப் புத்தகம் நான்கு மாநிலத்துக் கோர்ட்டு மேசைகளுக்கும் வந்து சேர்ந்தது.

கப்பலேறி வந்த சட்டப் புத்தகம்

அந்தப் புத்தகமும் நம் ஆட்களைப் போலவே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837-ல் முடித்த வரைவு, 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்தது. அதைப் பார்த்து எழுதிய தண்டனைச் சட்டத்தை நீரிணைக் குடியேற்றங்கள், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், 1871-ல் நிறைவேற்றின. பிறகு மலாய் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டன. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டம், 574-ஆம் சட்டம், அந்த வம்சாவளியில் வந்ததே.

அதனால்தான் எண்கள் ஒத்துப்போகின்றன. தமிழ்ப் படங்களில் '302-ல உள்ள தூக்கிப் போட்ருவேன்' என்று வசனம் வந்தால் லுக்குட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் புரியும். இங்கேயும் 302 கொலைதான், 420 ஏமாற்றுதான். இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. இந்தியா 2024 ஜூலை 1-ல் தன் பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தது. அங்கே கொலை 103 ஆகிவிட்டது, ஏமாற்று 318-க்குப் போய்விட்டது. 'ஃபோர் ட்வென்ட்டி' என்று தமிழர்கள் திட்டிய அந்த எண் பிறந்த ஊரில் செத்துவிட்டது. நம்மூர்க் கோர்ட்டில் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

எண்கள் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியச் சட்டம் 'டெகாய்ட்டி' என்று சொன்ன இடத்தில் மலேசியச் சட்டம் 'கேங் ராபரி' என்று சொல்கிறது. இந்தியாவில் கூட்டுக் கொள்ளைக்கு 5 பேர் வேண்டும். மலேசியாவில் 2 பேர் போதும். ஒரு மோட்டார் சைக்கிளில் இருவர் போய் வழிப்பறி செய்தால் அது 'கும்பல்' கொள்ளை, 395-ஆம் பிரிவு, 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஓட்டியவனும் கும்பல், பின்னால் உட்கார்ந்தவனும் கும்பல். மறுநாள் பேப்பரில் 'கும்பல் கைது' என்று போடுவார்கள். வாசிப்பவர் மனத்தில் பத்துப் பேர் பாராங்கோடு நிற்பார்கள். கும்பல் என்ற தமிழ்ச் சொல்லுக்கு நாம் கொடுக்கிற எண்ணிக்கை வேறு, சட்டம் கொடுக்கிற எண்ணிக்கை வேறு.

வேலையை விட்டுப் போவது குற்றமா?

இப்போது சஞ்சிக்கு வருவோம். தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்பது மலாயாவில் கண்டுபிடித்த கொடுமை இல்லை. இங்கிலாந்திலேயே எசமான்-வேலைக்காரன் சட்டங்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. வேலைக்காரன் ஒப்பந்தத்தை மீறினால் அது கிரிமினல், எசமான் மீறினால் சிவில். அந்த நாட்டுத் தொழிலாளர்கள் போராடி 1875-ல் அதை ஒழித்தார்கள். அதன்பிறகு ஆங்கிலத் தொழிலாளி வேலையை விட்டு நடந்தால், முதலாளி இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

ஆனால் காலனிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இந்தியாவில் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் 1859-ல் வந்து, 1925-ல்தான் நீக்கப்பட்டது. இலங்கையில் 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத்தைவிட்டு ஓடுவது சிறைக்குரிய குற்றம். அங்கே கடனைக் குறித்து வைக்கிற 'துண்டு' முறை 1921 வரை நீடித்தது. மலாயாவில் இந்தியக் குடியேறிகளுக்கான 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் பிறகு 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இருந்தன. சஞ்சிமுறை 1910-ல் நிறுத்தப்பட்டது. கங்காணி அழைத்து வந்தவர்களுக்குச் சஞ்சி கிடையாது, சட்டப்படி அவர்கள் சுதந்திரமானவர்கள். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டுப் போவது அதற்குப் பிறகும் குற்றமாகவே இருந்தது.

இந்தச் சட்டங்களின் ஆங்கிலத்தைக் கவனிக்க வேண்டும். 'டெசர்ஷன்' என்பது பட்டாளத்துச் சொல். போர்க்களத்தைவிட்டு ஓடிய சிப்பாய்க்கு உரியது. 'அப்ஸ்காண்ட்' கடன்காரனுக்கும் ஜாமீனில் வந்து தலைமறைவானவனுக்கும் உரியது. இன்னொரு தோட்டத்து ஆளை ஆசைகாட்டி இழுப்பது 'கிரிம்ப்பிங்'. கப்பலுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களைச் சுட்டிய வசை அது. ரப்பர் மரத்தடியில் நின்ற மனிதனைச் சட்டம் சிப்பாயாகவும் கடனாளியாகவும் மாலுமியாகவும் பார்த்தது. தோட்டத்து ஆட்களுக்குக் காலை அணிவகுப்பு 'பெரட்டு'. 'பரேட்' என்ற பட்டாளச் சொல்லின் திரிபு. பெரட்டுக்கு வராதவன் டெசர்ட்டர் ஆவதில் அந்த மொழிக்குள் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொன்னார்கள்? 'ஓடிப்போயிட்டான்.' தமிழ்ப் பேச்சில் ஓடிப்போவதற்குப் பல பொருள் உண்டு. காதலித்தவளோடு ஓடிப்போகலாம். கடன் தாங்காமல் ஊரைவிட்டு ஓடிப்போகலாம். அதில் கொஞ்சம் வெட்கம் இருக்கும், கொஞ்சம் துணிச்சலும் இருக்கும். குற்றம் இருக்காது. காய்ச்சலில் பக்கத்து லயத்து ஆட்கள் சாவதைப் பார்த்துவிட்டு ஓடியவன், மண்டோரின் அடிக்கு ஓடியவன், அடுத்த தோட்டத்தில் ஐந்து காசு அதிகம் என்று கேள்விப்பட்டு ஓடியவன், எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் அவர்களுக்கென்று தனிக் கணக்கு இருந்தது.

இங்கேதான் 'குற்ற விகிதம்' என்ற விஷயத்தை யோசிக்க வேண்டும். வேலையை விடுவதே குற்றம் என்றால், ஆள் அதிகம் வர வர குற்றமும் அதிகமாகும். தோட்டம் மோசமாக இருந்தால் அந்தத் தோட்டத்தில் 'குற்றவாளிகள்' அதிகம் இருப்பார்கள். மோசமாக இருந்தது தோட்டம், கணக்கில் ஏறியது தமிழனின் பெயர். தமிழ்க் கூலி நம்பகமில்லாதவன், ஓடுகிறவன் என்ற எண்ணம் இப்படிக் கணக்கிலிருந்து ஊறியது. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியாவில் எதிர்ப்பு வலுத்தது. இந்தியா 1922-ல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்து, ஆள் அனுப்ப நிபந்தனைகள் போட்டது. அந்த நெருக்கடியில் 1920-களின் தொடக்கத்தில் மலாயாவில் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகள் நீக்கப்பட்டன. முந்தைய நாள் வரை குற்றவாளியாக இருந்த ஒருவன் அடுத்த நாள் வெறுமனே வேலையை விட்டவன் ஆனான். ஓடியவன் மாறவில்லை, காரணமும் மாறவில்லை. அரசிதழில் சில வரிகள் நீங்கின, ஒரு வகைக் குற்றம் முழுசாக இல்லாமல் போனது.

கோர்ட்டில் கேட்ட பழைய சொற்கள்

ஆங்கிலம் மட்டுமே அந்நியமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். மாவட்டக் கோர்ட்டில் நின்ற தமிழனுக்கு மலாயும் புதுசுதான். ஆனால் அந்த மலாய்ச் சட்டச் சொற்களுக்குள் அவனுக்குத் தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. சாட்சிக்கு மலாயில் 'சக்சி'. அபராதத்துக்கு 'டெண்டா', நம் தண்டம்தான். சிறைக்கு 'பெஞ்சாரா'. சமஸ்கிருதத்தில் கூண்டைக் குறிக்கும் பஞ்சரம் அது. விசாரணைக்கு 'பிச்சாரா', விசாரத்தின் உறவு. பெயிலுக்கு 'ஜாமின்'. தமிழில் ஜாமீன், இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல். வக்கீல் என்று நாம் சொல்வதும், பிரதிநிதி என்ற பொருளில் மலாய்க்காரர் 'வாக்கில்' என்பதும் ஒரே சொல்.

ஆங்கிலம் வந்த பிறகு மலாய் தன் பங்குக்குக் கடன் வாங்கியது. சம்மன்ஸ் 'சாமான்' ஆனது, வாரண்ட் 'வாரான்' ஆனது, லாக்கப் 'லோக்காப்' ஆனது, கேஸ் 'கேஸ்' ஆகவே இருந்துவிட்டது. தோட்டத்துத் தமிழ் இவற்றை இரண்டு பக்கமிருந்தும் எடுத்துக்கொண்டது. போலீஸ்காரரை 'மாத்தா' என்றது. மலாயில் மாத்தா என்றால் கண். 'மாத்தா வந்து லோக்காப்ல வச்சிட்டான், கேஸ் ஆயிடுச்சு, ஜாமீன் கிடைக்கல' என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை தேசம் இருக்கிறது பாருங்கள்.

ஆனால் சொல் தெரிவதும் அதன் சட்டப் பொருள் தெரிவதும் ஒன்றல்ல. மலாயில் 'சாலா' என்றால் தப்பு, பிழை, குற்றம் மூன்றும்தான். 'சாலாவா?' என்று கேட்டால், 'ஆமா, தப்புதான்' என்று தலையாட்டுவது நம் வளர்ப்பு. பெரியவர் கேட்கும்போது எதிர்த்துப் பேசாமல் தப்பை ஒத்துக்கொள்கிறவனுக்கு மன்னிப்பு கிடைக்கும் என்று துரையிடமும் கிராணியிடமும் கற்றுக்கொண்ட பாடம் அது. கோர்ட்டில் அந்தத் தலையாட்டலுக்குப் பெயர் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல். அதன்பிறகு விசாரணை கிடையாது, தண்டனை மட்டும்தான். சட்டம் எழுதியவர்களுக்கே இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, ஒப்புதலைப் பதிவு செய்யுமுன் அதன் தன்மையும் விளைவும் அந்த ஆளுக்குப் புரிந்திருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அந்த உறுதி பல நேரங்களில் மொழிபெயர்ப்பாளரின் ஒற்றை வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கொள்ளையன், பயங்கரவாதி, நாடுகடத்தப்பட்டவன்

1941-ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு, துரையைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் ஒரு கோரிக்கை. தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டனைச் சட்டத்தில் 5 பேர் கூடினாலே சட்டவிரோதக் கூட்டம் ஆக இடம் உண்டு. தோட்டமோ தனியார் சொத்து. வெளியிலிருந்து வந்து சங்கம் பேசுகிறவர் அத்துமீறி நுழைந்தவர். சங்கத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் சட்டத்தில் ஒரு குற்றப்பெயர் தயாராக இருந்தது.

1948 ஜூனில் மலாயா முழுக்க அவசரகாலம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த எதிர்ப்பும் அதைத் தடுக்கவில்லை. அதே காலத்தில் அரசு ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மாற்றியது. காட்டிலிருந்து போராடியவர்களை முதலில் 'பேண்டிட்', கொள்ளையன், என்று எழுதியவர்கள் 1952-ல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று எழுத ஆரம்பித்தார்கள். துப்பாக்கி அதேதான், காடு அதேதான். அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையை உணர நினைப்பவர்கள் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' நாவலை வாசிக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சனங்களுக்கு அரசின் சொல் என்ன செய்தது என்பது அறிக்கைகளைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

அவசரகாலம் 1960-ல் முடிந்தது. ஆனால் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கலாம் என்ற பழக்கம் முடியவில்லை. 1959-ல் குற்றத் தடுப்புச் சட்டம், 1960-ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் அவசரகாலப் பொது ஒழுங்குச் சட்டம். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் 'இ.ஓ.' என்றே அறிவார்கள். அதில் பிடிபட்டவர்களை அனுப்பிய சிம்பாங் ரெங்கம் என்ற ஜொகூர் ஊரின் பெயர், தோட்டத்து அம்மாக்களின் வாயில் ஒரு தண்டனையின் பெயராகவே ஆகிவிட்டது.

தோட்டம் போன பிறகு வந்த எண்கள்

ரப்பர் செம்பனையானது. செம்பனை வீடமைப்புத் திட்டமானது. 1980-க்கும் 2000-க்கும் இடையில் தோட்டங்களைவிட்டுப் பெயர்ந்த இந்தியர்கள் ஏறத்தாழ 3 லட்சம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. வேலை போனபோது கூடவே வீடும் போனது, பள்ளியும் கோயிலும் ஆயாக்கொட்டகையும் போனது. பட்டணத்து ஓரங்களில் அடுக்குமாடிகளில் அடுத்த தலைமுறை வளர்ந்தது. அந்தத் தலைமுறைக்கும் சட்டத்துக்குமான சந்திப்பு தொழிலாளர் இலாகாவில் நடக்கவில்லை, லோக்காப்பில் நடந்தது.

2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 ரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,313 பேர், அதில் இந்தியர்கள் 28,926 பேர். நூற்றுக்கு 71-க்கும் மேல். நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு 7 பேர்தான். அந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது நம் வீடுகளில் எல்லாம் ஒரு மௌனம் விழுந்தது. எண்ணைக் கண்டு வெட்கப்படவோ, பொய் என்று ஒதுக்கவோ செய்யுமுன் அது எதை எண்ணுகிறது என்று கேட்க வேண்டாமா? அது கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இல்லை. உறுப்பினர் என்று போலீஸ் கருதுகிறவர்களின் எண்ணிக்கை. எண்ணுகிறவர் எங்கே அதிகம் தேடுகிறாரோ அங்கே எண் கூடும். இப்படிச் சொல்வதால் கும்பலே இல்லை என்று ஆகிவிடாது. நம் தாமான்களில் கும்பல் உண்டு, கத்தி உண்டு, செத்துப்போன பிள்ளைகள் உண்டு. அது நமக்குத் தெரியும். உண்மையான நோயைப் பேசவேண்டும் என்பதாலேயே காய்ச்சல்மானியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

குற்ற விகிதம் பொதுவாக ஒரு லட்சம் பேருக்கு எத்தனை புகார் பதிவானது என்ற கணக்கு. மலேசியப் போலீஸ் கொலை, கொள்ளை, வாகனத் திருட்டு போன்ற சிலவற்றை மட்டும் 'குறியீட்டுக் குற்றம்' என்று தனியே எண்ணுகிறது. 2010 முதல் குற்றத்தைக் குறைப்பது அரசின் முக்கிய இலக்குகளில் ஒன்றானது. அதன்பின் அந்தக் குறியீடு இறங்கியது. மக்களின் பயமோ ஏறியது. சில குற்றங்களைக் குறியீட்டுக்கு வெளியே உள்ள பிரிவுகளில் பதிகிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. பிரிவு எண் மாறினால் விகிதம் மாறும் என்பது, 1920-களில் டெசர்ஷன் காணாமல் போனதைப் பார்த்த நமக்கு ஆச்சரியமாக இருக்காது.

2012-ல் இ.ஓ. காலாவதியானது. வெளியே வந்தவர்களால்தான் குற்றம் கூடியது என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சின் சூட்டிலேயே 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2014-ல் நடப்புக்கு வந்தது. 'பொக்கா' என்று நாம் சொல்வது அதைத்தான். விசாரணைக்காக 59 நாள் வரை அடைத்துவைக்கலாம். பிறகு ஒரு வாரியம், கோர்ட்டு விசாரணை இல்லாமலே, 2 ஆண்டுக்குத் தடுப்பாணை போடலாம், நீட்டிக்கவும் செய்யலாம்.

தமிழில் விழுந்த ஓட்டை

இந்த இடத்தில் நம் மொழியையும் குறைசொல்ல வேண்டியிருக்கிறது. புலன்விசாரணைக்காக மாஜிஸ்திரேட் அனுமதியோடு சில நாள் வைத்திருப்பது 'ரிமாண்ட்'. இலங்கையில் அதற்கு 'விளக்கமறியல்' என்று தனிச்சொல் உண்டு. தமிழ்நாட்டில் போலீஸ் காவல், நீதிமன்றக் காவல் என்று பிரித்துச் சொல்கிறார்கள். நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் 'தடுப்புக் காவல்' என்று போடுகிறோம். பொக்காவில் 2 ஆண்டு அடைப்பதற்கும் அதே 'தடுப்புக் காவல்'. நான்கு நாளைக்கும் இரண்டு ஆண்டுக்கும் ஒரே சொல்!

இது இலக்கணச் சண்டை இல்லை. 'பையன தடுப்புக் காவல்ல வச்சிட்டாங்க' என்று கேள்விப்படுகிற அப்பாவுக்கு, எந்தச் சட்டம், எத்தனை நாள், மாஜிஸ்திரேட்டைப் பார்க்க முடியுமா, வக்கீல் வைக்க முடியுமா என்ற நான்கு கேள்விகளும் அந்தச் சொல்லில் இல்லை. சாதாரணக் கைது என்றால், கைதுக்கான காரணம் சொல்லப்பட வேண்டும், வக்கீலைப் பார்க்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆம் விதி சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ, உறவினருக்குத் தகவல் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. 117-ஆம் பிரிவில் ரிமாண்ட் நாளுக்கு வரம்பு இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் மொத்தம் 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள். மேலே பார்த்த மோட்டார் சைக்கிள் இருவர் இப்போது ஞாபகம் வரட்டும். வெறும் திருட்டு என்று எழுதினால் 7 நாள். கும்பல் கொள்ளை என்று எழுதினால் 14 நாள். லோக்காப்பில் ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று, அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிற சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையமே 2005-ல் பரிந்துரைத்தது.

இன்னொன்று. சந்தேக நபர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி மூன்றும் வேறு வேறு ஆட்கள். 'குற்றவாளி கைது' என்று தலைப்புப் போடும்போது, மாஜிஸ்திரேட் பேனாவைத் தொடுமுன்னே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வெள்ளைக்காரன் ஓடிப்போனவனைக் குற்றவாளி என்று எழுதினான் என்று வருத்தப்படுகிற நாமே, காலைப் பத்திரிகையில் அதையே செய்கிறோம்.

சட்டத்தின் ஆங்கிலத்தை ஏன் கற்கவேண்டும் என்று கேட்டால், வக்கீலாவதற்கு என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். தேசிய மொழிச் சட்டம் வந்து கோர்ட்டு மலாய்க்கு மாறிய பிறகும், தீர்ப்புகளின் பெரும்பகுதி, பழைய வழக்குகளின் நினைவு முழுக்க, ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. ஆகவே இளைஞர்கள் மூன்றிலும் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ரிமாண்ட் என்றால் என்ன, சார்ஜ் என்றால் என்ன, பிளீட் கில்ட்டி என்று தலையாட்டினால் என்ன, பெயிலுக்கும் தண்டனைக்கும் சம்பந்தமில்லை என்பது, தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் கைதாகும் குடிமக்களுக்கு வக்கீல் ஏற்பாடு செய்கிறது என்பது. தாமான் மன்றத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், இவற்றைப் பேசி முடிக்க.

எழுதுகிறவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். ரிமாண்டுக்குத் தனியாக ஒரு சொல்லை நாம் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கமறியலை இலங்கையிலிருந்து கடன் வாங்கினாலும் சரி, 'ரிமாண்ட் காவல்' என்றே எழுதினாலும் சரி. அடுத்த முறை குற்றம் பெருகிவிட்டது என்று ஒருவர் எண்ணைத் தூக்கிக் காட்டும்போது, எந்தப் பிரிவு, யார் எண்ணியது, எண்ணப்பட்டவர் சந்தேக நபரா தண்டனை பெற்றவரா என்று கேளுங்கள். லின்சமிலிருந்தோ லுக்குட்டிலிருந்தோ ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இரவோடு இரவாக ஓடியவனுக்காக இந்தக் கேள்விகளைக் கேட்க அன்று கோர்ட்டில் யாரும் இல்லை.